தூக்கிவிட்ட நாலு பேரும், கீழே இறங்காத வகுப்பறையும்

வழக்கமா நான் எழுதுறது நடுகல், ஏரிக் கல்வெட்டு, சின்னகொத்தூர் பக்கத்துக் குந்தாணிக் கோட்டை மாதிரியான விஷயங்கள். இந்தத் தடவை கொஞ்சம் கிட்டத்து வரலாறு. இதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கு, அது பெருமைப்படுற பங்கு இல்ல. அதனாலதான் எழுதறேன்.

இந்த வருஷம் மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் கூப்பிட்டான். குருபரப்பள்ளி சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான். பேர் போட வேணாம்னு சொல்லிட்டான், அதனால நண்பன்னே வெச்சுக்குவோம். அவன் தம்பி பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. நல்ல மார்க். ஆறு வயசுலேர்ந்து சக்கர நாற்காலிதான். "மூணு காலேஜ் பாக்கணும்டா. வண்டி உன்கிட்டதான் இருக்கு, நாற்காலிய மடிச்சி டிக்கியில போட்டுக்கலாம். வர்றியா?"ன்னு கேட்டான்.

போறதுக்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. காரணம் 1997.

நாலு பேர் தூக்கினோம்

நண்பனும் நானும் 1997-இல் ஒரே பொறியியல் கல்லூரியில் சேர்ந்தோம். கல்லூரிப் பேர் இங்கே தேவையில்லை, அன்னைக்கு எல்லாக் கல்லூரியும் அப்படித்தான் இருந்தது. அவனுக்குச் சின்ன வயசுல போலியோ. இடது காலில் காலிப்பர், வலது கையில் கக்கத்துக் கட்டை. நாடு முழுக்கத் தடுப்பூசித் திட்டம் வந்ததே 1985-இல்தான். எங்க வயசுக்காரங்கள்ல ஊருக்கு ரெண்டு பேராவது இப்படி இருப்பாங்க. இந்தியா போலியோ இல்லாத நாடுன்னு சான்று வாங்கினது 2014 மார்ச்சில்.

முதல் வருஷம் எஞ்சினியரிங் டிராயிங் ஹால் ரெண்டாவது மாடி. வாரத்துக்கு ரெண்டு நாள், ஒவ்வொரு தடவையும் மூணு மணி நேரம். லிஃப்ட் கிடையாது. நாங்க நாலு பேர் அவனைத் தூக்கிட்டுப் போவோம். ஒருத்தன் கட்டை, ஒருத்தன் டிராஃப்டர், ரெண்டு பேர் அவன். மாடிப்படியில் பெண்கள் ஒதுங்கி வழி விடுவாங்க. ஆசிரியர்கள் "நல்ல பசங்க"ன்னு சொல்வாங்க. உண்மையைச் சொன்னா எங்களுக்கு அதுல ஒரு பெருமை இருந்தது.

அவனுக்கு எப்படி இருந்துச்சுன்னு அன்னைக்கு நாங்க கேக்கல. காலையில டீ குடிக்க மாட்டான், மதியம் தண்ணி குடிக்க மாட்டான், ஏன்னா பாத்ரூம் போகணும்னா மறுபடியும் நாலு பேரைக் கூப்பிடணும். ஒர்க்‌ஷாப்பில் நின்னுக்கிட்டே ராவணும். ஸ்டூல் கேட்டதுக்கு, பாதுகாப்பு விதிப்படி நின்னுதான் செய்யணும்னு பதில். ரெண்டாவது செமஸ்டர் முடிஞ்சு லீவுக்குப் போனவன் திரும்பி வரல. எங்களுக்குள்ள "பாவம், முடியல"ன்னு பேசிக்கிட்டோம். ரெண்டு மாசத்துல மறந்தும் போனோம்.

இருபத்தெட்டு வருஷம் கழிச்சு எனக்கு வந்த கேள்வி இதுதான். நாலு பேர் சேர்ந்து ஒரு ஆளைத் தூக்க முடிஞ்ச எங்களுக்கு, அந்த டிராயிங் வகுப்பைக் கீழே மாத்துங்கன்னு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்க ஏன் தோணல? கீழ் தளத்தில் பெரிய ஹால் ஒண்ணு இருந்தது. மேஜை, நாற்காலி அடுக்கி வெச்சுப் பூட்டி வெச்சிருந்தாங்க.

அந்தக் கேள்வியோட பழசைக் கொஞ்சம் தோண்டிப் பாத்தேன்.

காதால் படித்த காலம்

நம்ம இலக்கிய வரலாற்றில் இரட்டைப் புலவர்கள் உண்டு, முதுசூரியரும் இளஞ்சூரியரும். ஒருவருக்குப் பார்வை இல்லை, இன்னொருவரால் நடக்க முடியாது. ஒருவர் தோளில் ஒருவர் உட்கார்ந்து ஊர் ஊராய்ப் போய்ப் பாடினார்கள் என்பது மரபுச் செய்தி. 'ஏகாம்பரநாதர் உலா' அவர்கள் பெயரில் இருக்கிறது. அப்புறம் அந்தகக்கவி வீரராகவ முதலியார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழனியில் மாம்பழக் கவிச்சிங்க நாவலர், அம்மை நோயில் சின்ன வயசிலேயே பார்வை போனவர்.

இவங்களையெல்லாம் நாம "குறையை வென்ற மேதைகள்"னு படிச்சிருக்கோம். எனக்கு வேற ஒண்ணு தோணுது. திண்ணைப் பள்ளியில் பாடம் என்பது ஆசிரியர் சொல்ல, மாணவன் திரும்பச் சொல்வது. நிகண்டு, யாப்பு, எல்லாமே மனப்பாடம். ஏடு இருந்தாலும் கல்வி நடந்தது காதிலும் வாயிலும்தான். அந்த அமைப்பில் பார்வையில்லாதவர் புலவராவதற்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படல. யாருக்கெல்லாம் அந்தத் திண்ணை கிடைச்சுதுங்கறது வேற கதை, சாதியும் பாலினமும் அங்க பெரிய பூட்டு. அதை மறைக்க வேண்டாம். ஆனா உள்ளே வந்தவருக்குக் கண் இல்லைங்கறது பெரிய தடையா இருக்கல.

அச்சுப் புத்தகம், கரும்பலகை, எழுத்துத் தேர்வு வந்தப்பதான் அந்தக் கதவு மூடினது. அதே மனுஷன், அதே கண். மாறினது பள்ளிக்கூடம். பின்னாடி நான் பாத்த எல்லாத்துக்கும் இதுதான் சாவியா இருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு கதவு

மூடின கதவைத் திறக்கிற முயற்சி இந்தியாவில் 1887-இல் அமிர்தசரஸில் தொடங்குது. ஆனி ஷார்ப் என்ற மிஷனரி பார்வையற்றோருக்கான பள்ளியை அங்கே ஆரம்பித்தார். தமிழ்நாட்டில் பாளையங்கோட்டை. அங்கே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், ஃபுளோரன்ஸ் சுவெயின்சன் காது கேளாத பிள்ளைகளுக்கும் 1890-களில் கல்விப் பணியைத் தொடங்கினார்கள். இன்னைக்கும் அந்த ஊர் பேர் சொன்னா அந்தப் பள்ளிகள் நினைவுக்கு வரும். சென்னையை ஒட்டி, பூந்தமல்லியில் அரசுப் பார்வையற்றோர் பள்ளி 1931-இல் வந்தது.

தமிழுக்கு பிரெயில் எழுத்தும் இந்தக் காலத்தில்தான் வந்தது. ஆனா ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு முறை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது 1951-இல். எங்க துறைக்காரங்களுக்கு இது நல்லாப் புரியும். ஆளாளுக்கு ஒரு குறிமுறை வெச்சிருந்தா, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிக்க முடியாது. இதே தப்பைக் கணினித் தமிழில் நாம மறுபடியும் செஞ்சோம், பிறகு வர்றேன்.

இந்தப் பள்ளிகள் பெரிய காரியம். சந்தேகமே இல்லை. ஆனா அவை தனிப் பள்ளிகள். அங்கே பத்தாவது, பன்னிரண்டாவது முடிச்ச பிள்ளை வெளியே வந்தா எதிரே நிக்கறது எல்லாருக்குமான கல்லூரி. அங்க பிரெயில் தெரிஞ்ச ஆளும் கிடையாது, சைகை மொழி தெரிஞ்ச ஆளும் கிடையாது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவுல இருந்த அந்தப் பள்ளத்தை ரொம்ப காலம் யாரும் தூர்க்கல.

வேலூரில் ஒரு நாற்காலி

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ரோட்ல போனா வேலூர். அங்க கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஒரு கதை எல்லாக் கல்லூரி முதல்வரும் படிக்க வேண்டியது.

மேரி வர்கீஸ், 1925-இல் கொச்சியில் பிறந்தவர். அந்தக் கல்லூரியில் படிச்சு டாக்டரானவர். 1954-இல் ஒரு வாகன விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிடுச்சு. அன்னைக்கு இந்தியாவில் இப்படி ஆனவங்களுக்கு வீட்டுக் கட்டில்தான் முடிவு.

அங்க தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்டிருந்தவர் பால் பிராண்ட். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துக்கிட்டே செய்யலாம். அதை மேரி வர்கீஸ் கத்துக்கிட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அறுவை அரங்கில் வேலை செஞ்சார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பயிற்சி. திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவர். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தாங்க. 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார்.

இந்தக் கதையை மன உறுதின்னு மட்டும் சொல்லிட்டா பாதியை விட்டுடறோம். மன உறுதி என் நண்பனுக்கும் இருந்தது. காலிப்பரோட தினம் ரெண்டு பஸ் மாறி வந்தவன் அவன். வேலூரில் நடந்த கூடுதல் விஷயம், அந்த நிறுவனம் வேலையின் உருவத்தை மாத்திக்கிச்சு. நின்னு செய்யற அறுவைக்குப் பதிலா உட்கார்ந்து செய்யற அறுவை. ஒர்க்‌ஷாப்பில் கேட்ட ஒரு ஸ்டூலை இதோட பக்கத்துல வெச்சுப் பாருங்க.

மாணவர்களே தொடங்கினது

கடல் கடந்து ஒரு கதை. எட் ராபர்ட்ஸ், அமெரிக்காவில் கலிஃபோர்னியாக்காரர். 14 வயசில் போலியோ, கழுத்துக்குக் கீழே அசைவு கிட்டத்தட்ட இல்லை. தூங்கும்போது மூச்சு விட இரும்பு நுரையீரல் இயந்திரம் வேணும். 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த இயந்திரம் எந்த விடுதி அறையிலும் வைக்க முடியாது. அதனால வளாகத்தில் இருந்த கவல் மருத்துவமனையின் ஒரு வார்டையே அவருக்கு விடுதியாக்கினாங்க.

ஒருத்தர் வந்ததும் இன்னொருத்தர் வந்தார். சில வருஷத்தில் அந்த வார்டில் ஒரு கூட்டமே சேர்ந்துடுச்சு. தங்களுக்கு 'உருளும் நாற்காலிகள்' என்ற பொருளில் ஒரு கேலிப் பேரும் வெச்சுக்கிட்டாங்க. 1970-இல் இவர்கள் போராடி, மாற்றுத்திறன் மாணவர்களுக்கான ஒரு திட்டத்தைப் பல்கலைக்கழகத்திலேயே கொண்டு வந்தாங்க. அதுல என்ன இருந்தது? நாற்காலி ரிப்பேர் செய்யற இடம். உதவியாளர்களைத் தேடித் தர்றது. தங்க வீடு பாத்துத் தர்றது. 1972-இல் இதையே ஊருக்கும் விரிச்சு, தற்சார்பு வாழ்வு மையம் ஆரம்பிச்சாங்க. உலகம் முழுக்கப் பரவின இயக்கம் அது.

எனக்கு இதில் உறைச்ச இடம் நாற்காலி ரிப்பேர். டயர் பஞ்சர் ஆனா அன்னைக்கு வகுப்பு போச்சு. இதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவங்களுக்குத்தான் தெரியும். அவங்களைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நாங்க நாலு பேரும் கேக்கல.

நம்ம ஓசூரிலும் சின்ன உதாரணம் உண்டு. 1980-களின் கடைசியில் உற்பத்தி தொடங்கின டைட்டன் கடிகார ஆலை, மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்ததுக்குப் பேர் வாங்கினது. கடிகாரம் கோர்க்கிறது உட்கார்ந்து கையால் செய்யற நுணுக்க வேலை. எங்க பக்கத்தில் இந்த விஷயத்தில் ஆலை முந்திக்கிச்சு, கல்லூரிகள் பின்தங்கிடுச்சு.

சட்டம் அப்பவே இருந்தது

இந்தத் தேடலில் என்னை உலுக்கின இடம் இதுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் பெரிய சட்டம் 1995-இல் நிறைவேறி, 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 30-ஆம் பிரிவைப் படிச்சேன். அரசு ஒரு கல்வித் திட்டம் வகுக்கணும், அதில் பள்ளி, கல்லூரி, தொழிற்கல்வி நிறுவனங்களில் உள்ள கட்டடத் தடைகளை நீக்கறது இடம்பெறணும்னு நேராவே இருக்கு. 39-ஆம் பிரிவு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் குறைந்தது 3 சதவீத இடம்.

நண்பன் கல்லூரியை விட்டது 1998 கோடையில். சட்டம் வந்து ரெண்டு வருஷம் தாண்டியாச்சு. அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, எங்களுக்குப் பாடம் எடுத்த யாருக்கும் தெரிஞ்சதா ஞாபகமில்ல.

தெரிஞ்சிருந்தா நடந்திருக்குமான்னு கேட்டா, அதுலயும் ஒரு சிக்கல். சாலை, கட்டடம், சாய்தளம் பத்திப் பேசற 44 முதல் 46 வரையான பிரிவுகளில், "பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு" செய்யணும்ங்கற பொருளில் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரி போதும், எந்த அலுவலகமும் 'நிதி இல்லை'ன்னு கோப்பை மூடி வெச்சிடலாம்.

நிதி எப்ப வரும்னு 2001 காட்டிச்சு. அந்த ஜனவரியில் ஸ்டீஃபன் ஹாக்கிங் இந்தியா வந்தார். டெல்லியின் நினைவுச் சின்னங்களைப் பார்க்க ஆசைப்பட்டார். ஜாவேத் அபிதி போன்ற உரிமைச் செயல்பாட்டாளர்கள் அழுத்தம் கொடுத்ததில், குதுப்மினார் உள்ளிட்ட இடங்களில் அவசர அவசரமா மரச் சாய்தளம் போட்டாங்க. அத்தனை வருஷமா முடியாதது சில நாளில் முடிஞ்சது. உள்ளூர் மாற்றுத்திறனாளிகள் அதுவரை அந்த வாசலுக்கு வெளியேதான் நின்னாங்க.

இந்தியா 2007-இல் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. அதுக்கேத்த புதிய சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. கல்லூரிகளைப் பொறுத்தவரை முக்கியமானவை மட்டும் சொல்றேன். ஏழு வகையா இருந்த குறைபாடுகள் 21 ஆச்சு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் இடம் 3-லிருந்து 5 சதவீதம், வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வு. அதைவிட முக்கியம் 'பொதுக் கட்டடம்' என்பதற்கான விளக்கம். அதில் தனியார் கட்டடமும் உண்டு, கல்விக்குப் பயன்படுற கட்டடமும் உண்டு. சுயநிதிக் கல்லூரிக்கு 5 சதவீத இட ஒதுக்கீடு பொருந்தாமல் போகலாம், ஆனா படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் வைக்கிற கடமையிலிருந்து தப்ப முடியாது. இருக்கிற கட்டடங்களைச் சரி செய்ய, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து வருஷம் அவகாசம். விதிகள் வந்தது 2017 ஜூனில். அவகாசம் 2022 ஜூனில் முடிஞ்சது.

2017 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் ரெண்டு தீர்ப்பு சொன்னது. ஒண்ணு ராஜீவ் ரதூரி வழக்கு, பொது இடங்களை எல்லாரும் அணுகும்படி செய்யறது பத்தி. இன்னொண்ணு மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு போட்ட வழக்கு, உயர்கல்வி பத்தி. ரெண்டாவது 2006-இல் சட்டக் கல்லூரிகள் பத்தி ஆரம்பிச்சு, கடைசியில் எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் விரிஞ்சது. ராஜீவ் ரதூரி வழக்கிலேயே 2024 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு, விதிகளில் 15-ஆம் விதி வெறும் பரிந்துரை மாதிரி இருக்கு, கட்டாயமான குறைந்தபட்சத் தரம் வகுக்கணும்னு சொல்லி அதை ரத்து செஞ்சது.

படிக்கட்டு மட்டுமில்ல

சாய்தளம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத தடைகள் நிறைய.

சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்குத் தனியா பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் 2007-இல் தொடங்கினாங்க. அரசுக் கல்லூரியில் இது பெரிய அடி. அதுக்கு முன்னாடி பன்னிரண்டாவது முடிச்ச காது கேளாத பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து ஆசிரியரின் உதட்டையே பாத்துக்கிட்டு இருக்கணும். ஆசிரியர் போர்டு பக்கம் திரும்பிட்டா அந்தப் பாடம் போச்சு.

தேர்வு இன்னொண்ணு. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் பற்றி மத்திய அரசின் வழிகாட்டுதல் 2013 பிப்ரவரியில் வந்தது. மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். மூணு மணி நேரத் தேர்வுன்னா நாலு மணி நேரம். இதைச் சலுகைன்னு நினைக்கிறவங்க, ஒரு கேள்வித்தாளை இன்னொருத்தர் படிக்கக் கேட்டு, கணக்கை வாயால சொல்லி எழுத வெச்சுப் பாக்கட்டும்.

என் துறை சம்பந்தப்பட்டது எழுத்துரு. திரைவாசிப்பான் என்ற மென்பொருள் திரையில் இருக்கறதைப் பேசிக் காட்டும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ரெண்டு இளைஞர்கள் தொடங்கின 'என்விடிஏ' இலவசம், தமிழும் படிக்கும். ஆனா ஒரு நிபந்தனை, எழுத்து யூனிகோடில் இருக்கணும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் 'தமிழ்'னு அடிச்ச கோப்பைக் கொடுத்தா, திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்"னு படிக்கும். நம்ம கண்ணுக்குத்தான் அது தமிழ், கணினிக்குள்ள இருக்கறது ஆங்கில எழுத்து. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லியாச்சு. இன்னும் எத்தனையோ கல்லூரிகளின் பாடக்குறிப்பும் அறிவிப்பும் பழைய எழுத்துருவிலோ, காகிதத்தைப் படம் பிடிச்ச கோப்பாவோதான் வருது. படத்தில் எழுத்தே கிடையாது, திரைவாசிப்பான் ஊமையா நிக்கும். பாரதி பிரெயிலுக்கு முன்னாடி இருந்த குழப்பம் இதுதான்.

பாடப்புத்தகத்தை அணுகத்தக்க வடிவில் மாத்தறதுக்குப் பதிப்புரிமை தடையில்லைன்னு 2012 சட்டத் திருத்தமே சொல்லுது. அதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா. ஆக, ஸ்கேன் செஞ்சு எழுத்தா மாத்திக் கொடுக்கக் கல்லூரி நூலகம் பயப்பட ஒண்ணுமில்ல.

மூணு கல்லூரி

மே மாசத்துக்கு வர்றேன். மூணு கல்லூரிக்கும் போனோம். பொண்ணு எல்லா இடத்திலும் முதல்ல கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "டாய்லெட் எங்க இருக்கு சார்?"

முதல் கல்லூரியில் வாசலிலேயே சாய்தளம். சந்தோஷமா இருந்தது. நாற்காலியைத் தள்ளினேன், பாதியில் பின்னாடி வழுக்கிச்சு. டேப் எடுத்து அளந்தேன். உயரம் 60 சென்டிமீட்டர், நீளம் 2.4 மீட்டர். அதாவது ஒண்ணுக்கு நாலு. விதிப்படி ஒண்ணுக்குப் பன்னிரண்டு இருக்கணும், இந்த உயரத்துக்கு 7.2 மீட்டர் வேணும். இது பைக் ஏத்தறதுக்குப் போட்ட சரிவு. பைக்கும் நின்னுக்கிட்டு இருந்தது. உள்ளே நாற்காலிப் படம் ஒட்டின கழிப்பறை இருந்தது. சாவி வாங்கித் திறந்தா, துடைப்பமும் பினாயில் கேனும்.

ரெண்டாவது இடத்தில் ரொம்ப மரியாதை. காபி கொடுத்தாங்க. "கவலையே படாதீங்க, எங்க பசங்க தங்கமான பசங்க, தூக்கிட்டுப் போயிடுவாங்க"ன்னாங்க. நண்பன் என் முகத்தைப் பாத்தான். நான் தரையைப் பாத்தேன். பொண்ணு மெதுவாச் சொன்னா, "சார், நான் தினமும் தூக்கறதுக்கு வரல, படிக்க வர்றேன்." வெளியே வந்ததும் நண்பன் தோளைத் தொட்டு, "பெரியப்பா, போலாம்"னா.

திரும்பி வர்ற வழியில், சூளகிரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அங்கதான் 1995 சட்டத்தைப் பத்திச் சொன்னேன். 30-ஆம் பிரிவை போனில் காட்டினேன். அவன் ரெண்டு தடவை படிச்சான். "இது 96-லேயே இருந்துச்சா?"ன்னு கேட்டான். ஆமான்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நான் என் காலுதான் காரணம்னு நெனச்சிட்டு இருந்தேன்டா"ன்னான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க தூக்கினீங்களே, அதுவாவது செஞ்சீங்க"ன்னான். அந்தப் பதில் எனக்கு ஆறுதலா இல்ல.

மூணாவது கல்லூரிக்கு அடுத்த வாரம் போனோம். பெரிய கட்டடமில்ல. சாய்தளம் ஒரே ஒரு பிளாக்கில்தான். கைப்பிடி ஒரு பக்கம்தான். பெண்கள் கழிப்பறைக் கதவு குறுகல், நாற்காலி நுழையாது. குறைகளை மறைக்காம ஒண்ணொண்ணா காட்டினவர் அந்தத் துறைத் தலைவர் அம்மாதான். பொண்ணுகிட்ட நேராக் கேட்டாங்க, "கதவு எவ்வளவு அகலம் இருந்தா உனக்குச் சரியா இருக்கும்மா? கைப்பிடி எந்தப் பக்கம் வேணும்?" நான் 90 சென்டிமீட்டர்னு விதியைச் சொல்ல வாயைத் திறந்தேன், அவங்க கையைக் காட்டி நிறுத்தி, "அவ சொல்லட்டும் சார்"னாங்க. பொண்ணு சொன்னா. அவங்க எழுதிக்கிட்டாங்க. ஜூன் கடைசிக்குள்ள கதவை மாத்திடறதாச் சொன்னாங்க. மாத்தியாச்சு, போய்ப் பாத்துட்டு வந்தேன்.

இதைப் படிக்கிற யாராவது கல்லூரியில் வேலை பாத்தா, காசு செலவில்லாத ஆறு விஷயம் சொல்றேன். சேர்க்கைப் படிவத்திலேயே என்ன ஏற்பாடு வேணும்னு கேளுங்க. அந்த மாணவர் இருக்கிற வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாத்துங்க. சாய்தளத்தில் பைக்கும் பூந்தொட்டியும் வைக்காதீங்க. கழிப்பறையைப் பூட்டாதீங்க. பாடக்குறிப்பை யூனிகோடில் கொடுங்க. போர்டில் எழுதும்போது எழுதறதை வாயாலயும் சொல்லுங்க, சொல்லும்போது வகுப்பைப் பாத்துச் சொல்லுங்க. சட்டம், நிதி, தணிக்கை எல்லாம் வேணும்தான், அதுக்காக இந்த ஆறும் காத்திருக்கத் தேவையில்ல.

கடைசியா ஒண்ணு. மூணாவது கல்லூரியில் கிளம்பறப்ப, முதல் வருஷ வகுப்பு எங்கன்னு கேட்டேன். அந்த அம்மா மேஜை மேல இருந்த கால அட்டவணையை எடுத்தாங்க. அறை எண் 204-ன்னு இருந்தது, ரெண்டாவது மாடி. பேனாவை எடுத்து 204-ஐ அடிச்சிட்டு, 12-ன்னு எழுதினாங்க. தரைத்தளம். மூணாம் வருஷத்துக்காரங்க மேல போகட்டும்னு சொல்லி, அட்டவணையைக் கிளார்க்கிட்ட கொடுத்தாங்க.

குருபரப்பள்ளி மேம்பாலம் வர்ற வரைக்கும் நண்பன் எதுவும் பேசல. கடை வாசலில் இறக்கிவிட்டப்ப கட்டையை ஊன்றிக்கிட்டே சொன்னான்: "ரெண்டு நிமிஷம்கூட ஆகலடா."